ஃபுல் பாட்டிலின் சிக்கனம்

வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், பெட்ரோல், ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் தொகை எல்லாம் போக, குடிப்பதற்கென்று மாதம் 1,000 அல்லது 1,200 ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாத ஒருவர் நல்ல சரக்காகப் பார்த்துக் குடிக்க முடியுமா? முடியும் என்றே சொல்வேன். ஆனால் நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலோர் வாங்குகிற முறையில் வாங்கினால் முடியாது. எந்த பிராண்ட் என்று எல்லோரும் கேட்கிறார்கள்; எந்த அளவில் வாங்குவது, திறந்த பிறகு அது எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. செலவைத் தீர்மானிப்பவை பின்னவை இரண்டும்தான். ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறைக்குப் பாலக்கோடு பக்கம் ஊருக்குப் போய்வரும் என்னைப் போன்றவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். இதுவரை குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

முதலில், பாட்டிலுக்குக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் அமலுக்கு வந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் 1 அன்று. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலத்துக்குள்தான் இருந்தன. அதைக் கொண்டுவந்த ராஜாஜியோ ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். மது வருவாய் போன இடத்தை நிரப்ப 1939-ல் அவர் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். மதுவை விட்டதற்காகப் பிறந்த அந்த வரியின் வாரிசு இன்று மதுவின் மீதே பெரும் சுமையாக உட்கார்ந்திருக்கிறது. 1983-ல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான டாஸ்மாக், 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் தானே நடத்துகிறது. ஆயத்தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியும் சேர்ந்து அரசுக்குக் கிடைக்கும் வருவாய் 2023-24-ல் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. ஆகவே ஒரு குவார்ட்டருக்கு நாம் கொடுப்பதில் உள்ளே இருக்கும் திரவத்துக்குப் போவது சிறு பகுதிதான். கடைக்குக் கடை விலை பார்த்து வாங்குவது, பேரம் பேசுவது, பண்டிகைத் தள்ளுபடிக்குக் காத்திருப்பது ஆகியவை வெளிநாட்டுக் குடிகாரர்களின் கலைகள். நமக்கு விலை ஒன்றுதான். பாட்டிலில் அச்சிட்டிருக்கும் அந்த விலையைச் சரியாகக் கொடுத்து வாங்குவதோடு பேரம் முடிந்துவிடுகிறது. மிச்சம் பிடிக்க வேண்டியது வேறு இடத்தில்.

பலர் மனக்கணக்காகப் போடும் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். நம் நாட்டு பிராந்தி, விஸ்கி, ரம், வோட்கா, ஜின் அனைத்தும் பெரும்பாலும் 42.8 சதவீத ஆல்கஹால் அளவில் வருகின்றன. அப்படியானால் 180 மி.லி. குவார்ட்டரில் சுத்த ஆல்கஹால் சுமார் 77 மி.லி. ஸ்ட்ராங் பீரின் லேபிளில் 8 சதவீதத்துக்கு மிகாமல் என்று போட்டிருக்கும், 650 மி.லி. பாட்டிலில் அதிகபட்சம் 52 மி.லி. லேகர் எனப்படும் ஐந்து சதவீதச் சாதாரண பீரில் 32 மி.லி. சொச்சம். பதின்மூன்று சதவீத ஒயின் 750 மி.லி. பாட்டிலில் 97 மி.லி. சொச்சம். உதாரணத்துக்கு, குவார்ட்டர் 160 ரூபாய், ஸ்ட்ராங் பீர் 180 ரூபாய், ஒயின் 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு மி.லி. ஆல்கஹாலுக்குக் குவார்ட்டரில் 2 ரூபாய் சொச்சம், பீரில் ஏறக்குறைய மூன்றரை ரூபாய், ஒயினில் 7 ரூபாய்க்கு மேல் ஆகிறது.

போதைதான் நோக்கம் என்றால் இந்தக் கணக்கு அத்தோடு முடிந்தது. கீழ்ப்படி பிராந்தி குவார்ட்டரை எதுவும் வெல்லாது. கவுண்டர் முன்னால் நிற்கும் கூட்டம் இந்தக் கணக்கை நன்றாகத் தெரிந்த கூட்டம். முன்பின் தெரியாத இருவர் பணத்தைச் சேர்த்து ஒரு குவார்ட்டரை வாங்கி, ஆளுக்கு 90 மி.லி. என்று கட்டிங் போட்டுக்கொள்ளும்போது அளவு ஒரு சொட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகாமல் பிரிப்பதைப் பார்த்தால் நகைக்கடைத் தராசு தோற்றுவிடும். ஆனால் ருசிக்காகக் குடிக்கிறவருக்குக் கணக்கின் அலகு மாற வேண்டும். ஒரு மாலைக்கு எவ்வளவு ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் குவார்ட்டர்தான் ஊதாரித்தனம். நான்கு குவார்ட்டர் 720 மி.லி., ஒரு ஃபுல் 750 மி.லி. என்பதால் 30 மி.லி. லாபம் என்பது சிறிய விஷயம். பெரிய விஷயம், குவார்ட்டரை வாங்கியவர் அதை அன்றிரவே முடித்துவிடுகிறார் என்பது. மூடி திறந்த குவார்ட்டரை மறுநாளைக்கு வைத்திருந்தவரை நான் பார்த்ததில்லை. ஃபுல் பாட்டில் அப்படியல்ல; அது அலமாரியில் நிற்கிறது, நிற்பதால் அவசரம் இல்லை. 1,000 ரூபாய்க்கு ஒரு ஃபுல் வாங்கினால் 60 மி.லி. லார்ஜ் பன்னிரண்டரை வரும்; ஒரு லார்ஜுக்கு 80 ரூபாய். வாரத்துக்கு மூன்று மாலை, மாலைக்கு ஒரு லார்ஜ் என்று வைத்தால் ஒரு மாதம் ஓடிவிடும். அதே மூன்று மாலையும் குவார்ட்டர் வாங்குபவர், மலிவானதையே வாங்கினாலும், மாதத்துக்கு 12 குவார்ட்டர், ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய். அவர் குடித்தது மலிவான சரக்கு, நாம் குடித்தது அதைவிட நல்ல சரக்கு. வீட்டில் ஃபுல் இருந்தால் தினமும் கை போகும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அந்த அச்சம் உண்மையானதாக இருந்தால், அவர் செய்ய வேண்டிய கணக்கு இது அல்ல, நிறுத்துவதற்கான வழியைத் தேடுவதுதான்.

பிராந்தி, விஸ்கி, ரம் போன்று வடித்தெடுக்கும் ஸ்பிரிட் வகைகள் திறந்த பிறகும் பல மாதம் கெடுவதில்லை. பீரைத் திறந்த வேளையிலேயே முடிக்க வேண்டும். ஒயின் குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும், அதற்கு மேல் புளிப்பேறும். சிக்கனத்தில் ஸ்பிரிட் முன்னால் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, எந்த ஸ்பிரிட்? இங்கே என் மாமாவைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று பர்கூர் பக்கம் தோட்டம் பார்த்துக்கொண்டிருப்பவர், கேண்டீன் கோட்டாவில் வரும் ரம்மைத் தவிர வேறு எதையும் தொடாதவர். யாராவது புதிய பாட்டில் கொண்டுவந்தால் வாயில் வைப்பதற்கு முன் சில சொட்டுகளை உள்ளங்கையில் விட்டு, இரண்டு கையையும் தேய்த்து, சற்றுப் பொறுத்து முகர்வார். “வாய் பொய் சொல்லும் மாப்ளே, கை சொல்லாது. எசென்ஸ் போட்டதா இருந்தா மிட்டாய்க் கடை வாசம் வரும், பாரு” என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தேய்க்கும்போது ஆல்கஹால் ஆவியாகிப் போய்விடும். பீப்பாயில் இருந்த ரம்மாக இருந்தால் வெல்லப்பாகும் ஈர மரமும் கலந்த ஒரு வாசம் கையில் மெல்ல நிற்கும். வெறும் ஸ்பிரிட்டில் நிறமும் மணமும் சேர்த்ததாக இருந்தால் வெனிலா ஐஸ்கிரீம் வாசமோ, ஒன்றுமே இல்லாத வெறுமையோதான் மிஞ்சும். கேண்டீன் சரக்கு மலிவாக இருப்பதற்குக் காரணம் படையினருக்கான வரிச் சலுகை. அதை வெளியே விற்பதோ வாங்குவதோ கூடாது என்பதால், மாமா ஊற்றிக் கொடுத்தால் குடிக்கலாம், அவ்வளவுதான்.

கரும்புச் சாற்றில் இருந்து சர்க்கரை எடுத்த பின் மிஞ்சும் பாகான மொலாசஸ்தான் நம் நாட்டு மலிவு மதுவின் மூலப்பொருள். அதிலிருந்து வடிக்கப்படும், வாசம் ருசி எதுவும் இல்லாத உயர் ரக நடுநிலை ஆல்கஹாலை அடிப்படையாக வைத்துத்தான் பிராந்தி, விஸ்கி என்று பெயர் மாறுகிறது. ரம்முக்கு இது பெரிய குறையல்ல, ஏனென்றால் உலகெங்கும் ரம் கரும்பில் இருந்துதான் வருகிறது. மலிவு விலையில் தன் பெயருக்கு ஓரளவு உண்மையாக இருப்பது ரம்தான் என்பது என் தீர்மானமான கருத்து. 1954-ல் மோகன் மீக்கின் நிறுவனம் கொண்டுவந்த ஓல்ட் மாங்க் விளம்பரமே இல்லாமல் இத்தனை தலைமுறை நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். பெங்களூருவின் அம்ருத் நிறுவனம் தயாரிக்கும் ஓல்ட் போர்ட் ரம் இன்னொரு நல்ல உதாரணம். 1948-ல் தொடங்கிய அந்த நிறுவனம் 2004-ல், ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்யும் தன் சிங்கிள் மால்ட் விஸ்கியை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அறிமுகம் செய்தது. அதன் சிங்கிள் மால்ட்டை வாங்க நமக்கு வசதி இல்லாவிட்டாலும், பெரிய சரக்கை நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் சிறிய சரக்கிலும் கை நிதானம் காட்டுவார்கள் என்று எதிர்பார்க்கலாம். எல்லா நிறுவனத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

பிராந்தி விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. தமிழ்நாட்டுக்காரர்களின் செல்லக் குடி அது. உடம்புக்குச் சூடு, சளிக்கு மருந்து என்று அதற்கு ஒரு மரியாதையும் உண்டு. ஆனால் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, கலப்பு பிராந்தியில் உண்மையான திராட்சை பிராந்தி 2 சதவீதம் இருந்தாலே போதும். மீதி 98-ம் நடுநிலை ஆல்கஹாலாக இருக்கலாம். ஆகவே பிராந்திதான் வேண்டும் என்பவர்கள் லேபிளில் திராட்சை பிராந்தி என்ற சொல் எங்கே, எப்படி வருகிறது என்று படித்து வாங்க வேண்டும். விஸ்கியிலும் தானிய ஸ்பிரிட்டில் செய்ததா, மொலாசஸில் செய்ததா என்பதுதான் முதல் கேள்வி. ராயல் ஸ்டாக் போன்ற நடுப்படி விஸ்கிகள் தானிய ஸ்பிரிட்டில் ஸ்காட்ச் மால்ட் கலந்து வருபவை. கீழ்ப்படியில் இருந்து இந்தப் படிக்கு ஏறும்போது கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு உள்ளே உண்மையாகவே ஏதோ மாறுகிறது. அதற்கு மேலே ஒவ்வொரு படியிலும் பெட்டியும் மூடியும்தான் அதிகம் மாறுகின்றன.

வோட்காவுக்கு வயதே தேவையில்லை. பீப்பாய், காத்திருப்பு, வருடக் கணக்கு எதுவும் இல்லாத சரக்கு என்பதால் நடுவிலை வோட்காவுக்கும் உயர்விலை வோட்காவுக்கும் உள்ள வேறுபாடு எலுமிச்சைச் சாறு பிழிந்ததும் மறைந்துவிடும். கோடையில் தருமபுரி வெயிலுக்கு, நிறைய எலுமிச்சை, உப்பு, சோடாவுடன் ஒரு லார்ஜ் வோட்கா என்பது மலிவாகக் கிடைக்கும் சுகங்களில் ஒன்று.

ஸ்காட்ச் குடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஸ்காட்லாந்தில் குறைந்தது 3 ஆண்டு ஓக் பீப்பாயில் இருந்த பிறகு, மொத்தமாகக் கப்பலில் வந்து இங்கே பாட்டிலில் அடைக்கப்படும் ஸ்காட்ச் வகைகள் உண்டு. 100 பைப்பர்ஸ், டீச்சர்ஸ், வாட் 69 போன்றவை அப்படி வருபவை. இறக்குமதித் தீர்வை பாட்டில், பெட்டி, வெளிநாட்டு லாபம் எல்லாவற்றின் மீதும் விழாமல் உள்ளே இருக்கும் திரவத்தின் மதிப்பின் மீது விழுவதால் விலை குறைகிறது. முழுப் பாட்டில் நம் மாத வரம்பைத் தாண்டும். இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று வைத்தால் தாண்டாது. 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தத்தில் 150 சதவீதத் தீர்வை முதலில் 75 ஆகவும், பத்தாண்டில் 40 ஆகவும் குறைய வழி செய்திருக்கிறார்கள். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் அலுவலகத்தில் பலர் இனிப்பு வாங்காத குறைதான். மாநில வரி அப்படியே இருக்கும்போது நம் கவுண்டரில் விலை பாதியாகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பீர் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது விலையை அல்ல, தேதியை. பாட்டில் பீருக்குப் பெரும்பாலும் 6 மாதம்தான் ஆயுள். அதுவும் குளிர்ந்த இடத்தில் இருந்தால். சித்திரை வைகாசியில் தகரக் கூரைக் கிடங்கில் வெந்துவிட்டு, பிறகு குளிர்பெட்டிக்கு வந்த பீர் எவ்வளவு ஜில்லென்று இருந்தாலும் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடிக்கும். கம்பிக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம், “அண்ணே, தேதி பாத்துட்டு வாங்கிக்கறேன்” என்று நான் கேட்டால், “பீருக்கு என்னங்க தேதி, கூலிங் இருக்கானு பாருங்க” என்று சிரிப்பார். ஆனாலும் பாட்டிலைத் திருப்பிக் காட்டிவிடுவார். வரிசையில் பின்னால் நிற்பவர்கள்தான் முணுமுணுப்பார்கள். பச்சை பாட்டில், நிறமில்லாப் பாட்டில் பீர்களை வெளிச்சம் படும் அடுக்கில் இருந்து எடுக்க வேண்டாம். ஒளி பட்டால், பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற பூவில் உள்ள கசப்புப் பொருள் சிதைந்து நாற்றம் வரும், பழுப்பு பாட்டில் அதைப் பெருமளவு தடுக்கும். ஸ்ட்ராங் பீரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பீரின் ருசியும் இல்லாமல் ஸ்பிரிட்டின் சிக்கனமும் இல்லாமல் இடையில் நிற்கும் பொருள் அது. மாதத்துக்கு இரண்டு பீர்தான் என்றால், இரண்டும் புதிய லேகராக இருக்கட்டும்.

ஒயினுக்கு நம் மாவட்டம் வினோதமான இடத்தில் இருக்கிறது. நந்தி மலை அடிவாரத்தில் குரோவர் திராட்சைத் தோட்டங்கள், பெங்களூரு - மைசூரு சாலையில் சன்னபட்டணா அருகே சுலா நிறுவனத்தின் ஒயின் ஆலை என்று, நாட்டின் நல்ல ஒயின் தயாராகும் இடங்கள் நமக்கு ஒரு பகல் பயணத் தொலைவில் இருக்கின்றன. ஆனால் நம் ஊரில் ஒயின் என்றால் இன்னும் இருமல் மருந்து நிறத்தில், தித்திப்பாக, போர்ட் என்ற பெயரில் வருவதுதான் பலருக்கு நினைவு வரும். பெங்களூரு நீலத் திராட்சையில் செய்யும் அந்த இனிப்பு ஒயினை நான் இகழ மாட்டேன். ஸ்பிரிட் சேர்த்த வகையாக இருந்தால் திறந்த பிறகும் சில வாரம் தாங்கும், சோறு முடிந்த பின் சிறு கோப்பையில் நன்றாகவே இருக்கும். இனிப்பில்லாத ஒயின் வேண்டுமென்றால் உள்நாட்டு வெள்ளை ஒயின், குறிப்பாக செனின் பிளாங், சோவின்யோன் பிளாங் வகைகள், கொடுக்கும் விலைக்கு உள்ளதைத் தருகின்றன. லேபிளில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். மலிவான வெள்ளை ஒயினுக்கு வயது கூடக் கூட மதிப்புக் குறையும். ஓரிரு ஆண்டுக்குள் குடிப்பது நல்லது. தக்கை வைத்ததைவிடத் திருகு மூடி நம் வெயிலுக்குப் பொருத்தம், ஏனென்றால் கடைகளில் பாட்டில்களை நிற்க வைத்தே வைத்திருப்பார்கள், தக்கை காய்ந்து காற்று புகும். ஒயினை ஒருவராக வாங்குவது செலவு. 700 ரூபாய் பாட்டிலில் 150 மி.லி. கோப்பை ஐந்து, ஒன்றுக்கு 140 ரூபாய். நான்கு பேர் கூடும் ஞாயிற்றுக்கிழமையில் பங்கு போட்டுக்கொண்டால்தான் கட்டுப்படியாகும். பெங்களூரா மாங்காயைக் கீறி, மிளகாய்த்தூள் உப்பு தூவி, குளிர்ந்த செனின் பிளாங்கோடு தின்றவர்கள் அதற்கு மேல் பாலாடைக் கட்டி தேட மாட்டார்கள்.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன்: அத்திப்பள்ளிக்குப் போய் வாங்கி வந்தால் என்ன? ஓசூரில் இருந்து எட்டிப் பார்க்கிற தூரம், வேறு மாநிலம், வேறு விலை, வேறு பிராண்டுகள். அங்கே உட்கார்ந்து குடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் கர்நாடகத்தில் மட்டும் விற்பனைக்கு என்று லேபிளிலேயே அச்சிட்ட சரக்கை அனுமதியில்லாமல் இந்தப் பக்கம் கொண்டுவருவது குற்றம். சோதனைச் சாவடியில் பாக்கெட் பாக்கெட்டாகப் பிடிபடும் செய்தி உள்ளூர் நாளிதழ்களில் மழை நிலவரம் போல அடிக்கடி வரும். வண்டியில் போய்க் குடித்துவிட்டுத் திரும்பினால் 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால் என்பதே வரம்பு, முதல் முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதம். பத்து மாத பட்ஜெட் ஒரே இரவில் போய்விடும். பேருந்தில் போய்ப் பேருந்தில் திரும்புவதாக இருந்தால் மட்டும் அந்தப் பயணத்துக்குக் கணக்கு ஒத்துவரும்.

இதற்கும் கீழே ஒரு மலிவு இருக்கிறது, அதை விலை குறைவு என்று சொல்லவே கூடாது. 2008 மே மாதத்தில் பெங்களூரு வட்டாரத்திலும் நம் கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியிலும் நச்சுச் சாராயம் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலை செய்தவர்கள். இப்படிப்பட்ட சாராயத்தில் கலந்திருக்கும் மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பை அரிக்கிறது. வாசத்திலோ ருசியிலோ அதைக் கண்டுபிடிக்க முடியாது, மாமாவின் உள்ளங்கையாலும் முடியாது. மூடி முத்திரையும் ஹாலோகிராமும் இல்லாத எதையும், எந்த விலைக்கும், யார் கொடுத்தாலும் தொடக் கூடாது. நம் மண்ணில் நேர்மையாக மலிவாக இருந்திருக்கக்கூடிய குடி பனங்கள்ளும் தென்னங்கள்ளும்தான். அதற்கு 1987-ல் விழுந்த தடை இன்னும் நீங்கவில்லை; காரிமங்கலம், பாலக்கோடு பக்கத்துத் தென்னைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குறை உண்டு.

கடைசியாக, சரக்குக்கு ஆகும் செலவைவிடச் சரக்கைச் சுற்றி ஆகும் செலவில்தான் பலருக்குக் கை நழுவுகிறது. பாரில் உட்கார்ந்தால் தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் டம்ளர், சுண்டல், ஆம்லெட், சிக்கன் என்று பாட்டில் விலைக்குச் சமமாக இன்னொரு பாட்டில் விலை போகும். வீட்டில் குடித்தால் ஒரு சோடா, கொஞ்சம் வறுத்த வேர்க்கடலை, வெங்காயம், பச்சை மிளகாய். கடலை நம் மாவட்டத்தில் விளைவது, உழவர் சந்தையில் வாங்கி வறுத்தால் ஒரு மாதத்துக்கு ஆகும் செலவு பாரின் ஒரு தட்டு விலையைத் தாண்டாது. ரம்முக்குக் கோலா வேண்டாம். நல்ல ரம் என்றால் வெந்நீர் போதும், மார்கழியில் ஓசூர்க் குளிருக்கு இரண்டு கிராம்பு போட்டுக்கொள்ளலாம். காலிப் பாட்டிலையும் தூக்கி எறிய வேண்டாம். நீதிமன்ற உத்தரவால் 2022-ல் நீலகிரியில் தொடங்கிய 10 ரூபாய்த் திட்டம் தருமபுரி மாவட்டத்துக்கும் வந்திருக்கிறது: வாங்கும்போது கூடுதலாக 10 ரூபாய் பிடித்துக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் திரும்பத் தருகிறார்கள். ஸ்டிக்கரைச் சுரண்டாமல் வைத்திருக்க வேண்டும்.